மூடாத ரொட்டி

அலோன் படகுத்துறைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாட்டிய ரொட்டியின் மேல் சூடாகப் பட்டாணிக் கறியை ஊற்றி, மேலே மூடாமல் கொடுப்பது என் கண்டுபிடிப்பு என்று பலகையே எழுதி மாட்டியிருந்தேன். எதிர்க்கடை டோ கின் அம்மாவும் என்னைப் போல் பாதித் தமிழ், பாதி பர்மாக்காரர்தான். அவர் அதே ரொட்டியில் இறால் பொரியலை வைத்து, தன் கண்டுபிடிப்பு என்கிறார் எனக் கேள்விப்பட்டதும் தட்டோடு போய் நின்றேன்.

“என் ரொட்டியத் திருடி மேல இறாலத் தூவிட்டா, உங்களதாயிடுமா?”

“வாய அடக்கு. நான்தான் மொதல்ல போட்டேன்!”

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த கோ மாரி அண்ணனுக்குப் புரையேறியது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். இரண்டு கடைக்கும் பழைய வாடிக்கைக்காரர்.

“தங்கச்சி, முன்னெல்லாம் ரெண்டு ரொட்டிக்கு நடுவுலதானே கறி வப்பீங்க? மேல் ரொட்டிய மட்டும் எடுத்துத் தனியாப் பொட்டலம் கட்டுங்கன்னு காலையில உன் கடையில கேப்பேன், சாயந்திரம் இங்க கேப்பேன். ஆவி பறக்கிறதப் பாத்து மத்தவங்களும் அப்படியே கேட்டாங்க. மறந்துட்டீங்களா?”

எனக்கு நினைவு வந்துவிட்டது. “அந்த மேல் ரொட்டி யாருக்கு?” என்றேன், குரல் இறங்கி.

“எங்க வீட்டுக் கோழிக்கு.”

டோ கின்தான் முதலில் சிரித்தார். பலகையை அன்றே கழற்றினேன்.

இப்போது என் ரொட்டியில் பட்டாணிக்கு மேல் ஒரு முட்டையும் உண்டு. கோ மாரி வீட்டுக் கோழி போட்டது. யார் கண்டுபிடித்தது என்று கேட்பவர்களிடம் அந்த முட்டையைத்தான் காட்டுகிறேன்.