மேல்வீட்டு மாவு

நேற்று லவாலில் சாமான் இறக்கப் போன பேக்கரியில், சூடான ரொட்டியில் வெண்ணெயும் தேனும் உருகும் வாசனை வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் வீட்டுக் குசினி உடனே நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா மொரோக்கோவில் அரபு பேசி வளர்ந்த யூதர். அம்மா மன்னார்க்காரி. யூதருடைய பாஸ்கா நாட்களில் புளிக்கக்கூடியது எதையும் வைத்திருக்கக் கூடாது என்பதால் எங்கள் வீட்டில் மாவும் இருக்காது, பாணும் இருக்காது. பாஸ்கா முடிகிற மாலையில், ஹீட்டர் டக்டக்கென்று தட்ட, ஜன்னலில் ஆவி படிந்திருக்க, அப்பா வெறும் தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருக்க, மேல்வீட்டு பிலோமினா அன்ரி செருப்புச் சத்தத்தோடு ஒரு கிண்ணம் மாவும் ஈஸ்ட்டும் கொண்டு படியிறங்கி வருவா. அதில் அப்பா ரொட்டி சுட்டு, சூட்டோடு வெண்ணெயும் தேனும் பூசித் தருவார்.

"என்ன அண்ணை, இந்த முறையும் நான்தானோ?"

"எங்கட ஊரில பக்கத்து வீட்டு முஸ்லிம் மனுசி கொண்டு வருவா. இஞ்ச நீங்கதான்," என்பார் அப்பா.

"இவர் புளுகிறார், பிலோமினா. கடைக்குப் போகப் பஞ்சி," என்று அம்மா சிரிப்பா.

அப்பா செத்த பிறகும் அந்தப் புளுகு என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் துறைமுகம், லொறி என்று அலைந்த நான், அது உண்மையா என்று அறியவே அவருடைய ஊருக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் போன் கடை இருந்தது. அடுத்த வாசலில் இருந்த வயதான மனுசி, அப்பாவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் வேறெதுவும் சொல்லுமுன், அப்பாவிடம் நான் பழகியிருந்த அரபியில் கேட்டா:

"அங்க உங்களுக்கு ஆர் மாவு கொண்டு வந்தது?"

பிலோமினா அன்ரி என்றேன்.