தாக்கத்தைக் காட்டச் சொன்னார்கள்

ஓடுகிற எதையும் தடுமாறாமல் ஓட வைப்பதுதான் கட்டுப்பாட்டியல். அதை நடத்துகிற வாத்தியார் தடுமாறினால் என்ன செய்வது என்று அதில் பாடம் இல்லை.

பெரம்பலூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் அதை நடத்துகிறேன். தகவல் தாமதமாக வந்துசேரும் இயந்திரத்தை எப்படிச் சீராக ஓட்டுவது என்பது என் ஆராய்ச்சி. இந்தக் கோடையில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். வெளியிலிருந்து நிபுணர் குழு வருகிறதாம். என் ஆராய்ச்சியால் யாருக்காவது பயன் இருக்கிறது என்று அவர்களிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் என் ஆய்வகம் மாணவர் சேர்க்கை அலுவலகமாகிவிடும். தன் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பல் துலக்கும் முன்பே செல்போனில் பார்க்கிறவர்களுக்கு என் நிலைமை புரியும்.

முதல் வாசகர்

என்னை அதிகமாக மேற்கோள் காட்டியிருப்பவன் நான்தான். அடுத்தபடியாக என் ஆராய்ச்சி மாணவி. அவருக்கு வேறு வழியில்லை. தோண்டித் துருவியதில் ஒரு வெளிநாட்டுக்காரர் அகப்பட்டார். சந்தோஷத்தோடு கட்டுரையைத் திறந்தேன். காற்றடிக்கிற இடத்தில் என் முறை வேலை செய்யாது என்று இரண்டு பக்கத்துக்கு நிறுவியிருந்தார்.

இதைக் குழுவிடம் காட்டலாமா என்று பக்கத்து மேசை சுகந்தி மேடத்திடம் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடியபடி சொன்னார்: "தப்புன்னு சொல்றதுக்காவது முழுசா படிச்சிருக்காருல்ல சார்? நம்ம ஆளுங்கள்ல யாரு படிச்சா? காட்டுங்க."

கல்லின் சாட்சி

அரியலூரில் ஒரு நண்பர் இருக்கிறார். நிலவியல் பேராசிரியர். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடல்நத்தைப் புதைபடிவங்களைப் பற்றி எழுதுகிறவர். அவரை எடைபோடவும் ஒரு குழு வரப்போகிறதாம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வைத்து ஒரு யோசனை சொன்னார். அவர் கட்டுரையில் நான் இடம்பெறுவேன், என் கட்டுரையில் அவர்.

"உங்க நத்தைக்கும் என் சமன்பாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கோடிக்கணக்கான வருஷமா ஒரே எடத்துல கெடக்குது சார். இதவிட ஸ்டேபிளா ஒரு சிஸ்டம் உங்க புக்ல இருந்தா காட்டுங்க பாப்போம்."

நேர்கோடு

பழைய மாணவன் இளவரசன் ஒரு சிமென்ட் ஆலையில் இருக்கிறான். அங்கே சோதனைக்கூடத்துச் சிறிய உலையில் என் முறையை ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கித் தந்தான். சூடு ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

திரையில் கோடு கொஞ்சம் ஆடியது, பிறகு நேரானது. நேராகவே போனது. முப்பத்தைந்து வயதில் முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. இளவரசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். திரையையும் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தான். அப்போது உள்ளே வந்த ஷிப்ட் மேனேஜர் திரையைப் பார்த்தார், குனிந்து உலைக்குப் பின்னால் பார்த்தார். வெப்பமானியின் வயர் கழன்று தொங்கியது. கடைசியாக வந்த எண்ணையே திரை விடாமல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் வயரைச் செருகிக்கொண்டே சொன்னார்: "இவ்ளோ நேரா கோடு போனா ஆஸ்பத்திரில எல்லாரும் ஓடியாந்துடுவாங்க சார். நீங்க போட்டோ புடிக்கிறீங்க."

குழு வந்த நாள்

குழுவில் மூன்று பேர். மதிய வெயிலில், கோட்டும் டையுமாக என் ஆய்வகத்துக்குள் நுழைந்தார்கள். வேறு எதுவும் காட்ட இல்லாததால், அறையின் ஏ.சி.யில் நான் பொருத்தியிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினேன். ஆள் உள்ளே வந்து புழுங்கிய பிறகு குளிர்விப்பது சாதாரண ஏ.சி. கதவு திறந்ததுமே, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து முந்திக்கொள்வது என் பெட்டி.

குழுத் தலைவர் டையைத் தளர்த்தி உட்கார்ந்தார். அடுத்த துறைக்கு அழைத்தார்கள், எழவில்லை. சாப்பாட்டை இங்கேயே கொண்டுவரச் சொன்னார். தயிர்சாதம் முடித்துவிட்டு, "பயன்பாடு கண்கூடு" என்று அறிக்கையில் எழுதினார். என் மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்களை வழியனுப்பிவிட்டுத் தாளாளர் திரும்பி வந்தார். நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "பேரண்ட்ஸ் உக்காரதுக்கு இதவிட நல்ல ரூம் நம்ம காலேஜ்லயே இல்ல சார். திங்கக்கெழம காலி பண்ணிக் குடுத்துடுங்க, அந்தப் பொட்டிய மட்டும் கழட்டிடாதீங்க."

என் ஆராய்ச்சியால் பயனடைந்தவர்கள் யார் என்று இனி யாராவது கேட்டால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் புது இடத்திலிருந்து எழுந்து வந்து, உள்ளே நெற்றி வியர்க்காமல் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களைக் கண்ணாடி வழியே காட்டிவிடலாம்.