தொட்டிக்கட்டு வீட்டில் பால் பொங்கிய காலை

உத்திரமேரூரில் பழைய வீடுகளை உள்ளே போய்ப் பார்க்கணும்னா ஒரே வழிதான் இருந்தது: வாடகைக்கு வீடு தேடணும். கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். சரி பண்ணின பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாசல் நடையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீடு பார்க்க வந்தோம்னு சொன்னால் மட்டும் அடுப்பங்கரை, மச்சு, கிணற்றடி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மானாம்பதியில் என் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் யாரும் குடி போகவும் மாட்டார்கள். அதனால் என் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"ஆனி முடியறதுக்குள்ள நமக்குன்னு ஒரு வூட்டுல பால் காய்ச்சிடணும். காய்ச்சாம காவாந்தண்டலத்துக்கு எங்கப்பா வூட்டுக்குப் போனேன்னு வெச்சுக்கோ, ஆவணிக்கும் அங்கதான், புரட்டாசிக்கும் அங்கதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்துச் சொன்னால் செய்தே தீருவாள் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

தினமும் சாயந்தரம் தெருத்தெருவாகப் போனோம். வீடு கிடைக்கவில்லை, ஆனால் பார்த்த சுகத்துக்குக் குறைவில்லை. ஒரு ஜவுளிக்கடை பாய் வீடு. வெளியே இருந்து பார்த்தால் கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து, அவ்வளவுதான். உள்ளே போனால் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல், அதன் நிறம் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. "எங்க வூடு சுரைக்காய் மாதிரி தம்பி, கழுத்து குறுகல், வயிறு பெருசு" என்றார் பாய். குடிவைக்க இடம் இல்லையாம். ஆனாலும் நாஷ்டா சாப்பிடாமல் எங்களை விடவில்லை. இன்னொரு வீட்டில் முற்றத்தைக் காட்டிய வீட்டுக்காரர், "இங்க வானத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை" என்றார். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிக் கட்டிய கூரையை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். என் மனைவி இடுப்பில் இடித்து, "கூரை ஓடிப்போவாது, வாடகையக் கேளு" என்பாள்.

ஆனி முடிய ஒரு நாள் இருக்கையில், மெட்ராஸில் வேலை செய்கிற ஒருத்தர் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்கிப்போக வந்தார். என் பேஜாரைக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "எங்கப்பா கட்டின வூடு. அண்ணனுக்கும் எனக்கும் பாகம் பிரிச்சாச்சு. என் பாகம் சும்மாதான் பூட்டிக் கீது. போய் இருந்துக்கோ." தெருவை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் அவர் போய்விட்டார். எது அவர் பாகம் என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக ஸ்டவ், பால், புதுப்பானையோடு போனோம். தொட்டிக்கட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒவ்வொரு தூணிலும் என் கையகலத்துக்குச் செதுக்கிய தாமரை. தெருக்கதவு திறந்திருந்தது, கோலம் ஈரமாக இருந்தது, ஆளைக் காணோம். பால் காய்ச்ச வேண்டிய இடம் தென்கிழக்கு மூலை. போனால் அங்கே கரி படிந்த பழைய அடுப்பங்கரை, பூட்டுகூட இல்லை. சாவிக்கு வேலையே வரவில்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாரும்மா நீ, என் அடுப்பங்கரையில இன்னா பண்ணிக்கினு கீற?"

வாசலில் ஈரத்தலையோடு ஒரு அம்மா. மெட்ராஸ்காரரின் அண்ணி. பின்கட்டில் புது அடுப்பங்கரை கட்டிக்கொண்டு அங்கே இருக்கிறார்களாம். அந்த மூலை அண்ணன் பாகம். தம்பி பாகம் எதிரே, வடக்குத் தாழ்வாரத்தில் பூட்டு தொங்குகிற அறைகள்.

சத்தம் கேட்டு அண்ணன்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அவன் அனுப்பின ஆளா? நானும் அவனும் பேசறதே இல்ல. பாத்திரத்தை எடுத்துக்கினு கிளம்பு."

என் மனைவி முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு ஆடி.

அந்த அம்மாதான் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுப் பேசு. நம்ம அடுப்பங்கரையில பால் பொங்கி எத்தினி வருஷமாச்சு? பொங்கின அன்னிக்கே பொண்ணை வெளியே அனுப்பினா, போறது அவ மட்டுமா? கூட லட்சுமியும்தான்."

என் மனைவி பாலில் சர்க்கரை போட்டு ஆற்றி, ஒரு டம்ளரை அண்ணன்காரரிடம் நீட்டினாள். "வூட்டுப் பெரியவங்க மொதல்ல குடிக்கணும்பா."

"அவன் ஆள் குடுத்து நான் குடிக்கறதா?"

"அடுப்பங்கரை உன்னுது. அப்ப பாலும் உன்னுதுதானே" என்றாள் அந்த அம்மா.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "அவன் பக்கம் அடுப்பு வெச்சா புகை கூடத்துக்குத்தான் வரும். இங்கயே சமைச்சுக்கோங்க. அவன்கிட்ட நீயே சொல்லிக்கோ, நான் பேச மாட்டேன்." வாயைத் துடைத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், "சர்க்கரை கம்மி" என்றார்.

மறுநாள் மாமனார் மகளை அழைத்துப்போக வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் முற்றம், தாழ்வாரம், அடுப்பங்கரை என்று ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நேரமாச்சு என்று அவர் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார்.

"பஸ்ஸு அடுத்தது வரும்பா. நீ இன்னும் மச்சுல ஏறிப் பார்க்கல" என்றாள்.