மிஸ்ஸி கட்டிய இளஞ்சிவப்புப் பட்டை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கை மகள். தங்கை கண்மூடியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். கொரோனா வந்த காலத்தில் அவள் மணிக்கட்டில் மிஸ்ஸி மாட்டிவிட்ட இளஞ்சிவப்புப் பட்டையை, சாமி படத்துக்குக் கீழே திருநீற்று டப்பாவில் இன்றும் வைத்திருக்கிறேன். நர்சை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது அவளுக்குப் பீடோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே பல பேருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்தது. இவளுக்கு லேசாகத்தான் இருந்தது. வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள்; அதற்கு அடையாளம்தான் கையில் அந்தப் பட்டை. பட்டையை மாட்டிவிட்டு மிஸ்ஸி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "மூக்குல எடுத்தத பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம்மா, என்ன வகை கிருமின்னு பாக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் வினையானது. தொலைக்காட்சியில் நாளும் பொழுதும் புது வகை, புது வகை என்றே பேச்சு. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான்தான் புதுசக் கொண்டாந்துட்டேன்மா. ஒங்கள நானே கொன்னுருவேன். என்னை எங்கயாச்சும் அனுப்பிருங்க" என்று உள்ளிருந்து அழுதாள். அறை வாசலில் வைத்த கஞ்சி ஆடை கட்டிப்போய் அப்படியே கிடந்தது. கிருமியைவிட அந்தக் கஞ்சியைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

மறுநாள் மிஸ்ஸி விசாரிக்கப் போனில் கூப்பிட்டார். "என்ன வகைன்னு தெரிஞ்சிருச்சா மிஸ்ஸி?"

"அது வர நாளாகும்மா. அதுக்குள்ள ஒங்க மக எந்திரிச்சு வேலைக்கே போயிரும்."

"அப்புறம் எதுக்கு அனுப்புனீங்க?"

சிரித்துவிட்டார். "மருந்து குடுக்க இல்லம்மா, ஊருக்குள்ள எது சுத்துதுன்னு பாக்க. கிருமி மாறிக்கிட்டேதான் இருக்கும்லா. மாறுனதெல்லாம் மோசமில்ல. புதுசா ஒண்ணு தெரிஞ்சா மொதல்ல சும்மா கண்ணு வச்சிருப்பாங்க. பல ஊர்ல கூடுதலாப் பரவுனா இன்னும் உன்னிப்பாப் பாப்பாங்க. ஆளை ரொம்ப வாட்டுது, தடுப்பூசிக்கும் அடங்கலன்னு தெரிஞ்சாத்தான் கவலைக்குரியதுன்னு சேப்பாங்க. அப்புறம் அடங்கிருச்சுன்னா அந்தப் பட்டியல்லேர்ந்து எறக்கியும் விட்ருவாங்க."

எனக்குச் சட்டென்று பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஞாபகம் வந்தது. அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையின் கன்று நர்சரியில் பல வருஷம் வேலை செய்தவள் நான். இலை முறுக்கிய கன்றை, எங்களை மேய்க்கும் மண்டோர் உடனே பிடுங்கச் சொல்லமாட்டார். ராஃபியா என்கிற சிவப்புப் பிளாஸ்டிக் கயிறு கட்டித் தனி வரிசையில் வைப்போம். சிலது தேறி நிமிரும், கயிற்றை அவிழ்த்துவிடுவோம். சிலது தேறாது, பிடுங்கிப் போடுவோம்.

"அப்ப ராஃபியா கட்டி வைக்கிற மாதிரிதானே மிஸ்ஸி?" என்று கதையைச் சொன்னேன்.

"அதேதான்மா! ஆனா கிருமிய நாம பிடுங்க முடியாதே. நாமதான் தள்ளி நிக்கணும். எந்த வகையா இருந்தாலும் மாஸ்க்கு, தொறந்த ஜன்னலு. மூச்சு வாங்குனா ஒடனே எனக்குப் போன். ஸ்பீக்கர்ல போடுங்க, ஒங்க மககிட்ட நான் பேசறேன்."

அவள் அறை ஜன்னல் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். மிஸ்ஸி அவளிடம் சொன்னார்: "தங்கச்சி, கையில இருக்கிறது ராஃபியா கயிறுதான்லா. கட்டியிருக்கு, பாத்துக்கிட்டிருக்கோம். யாரும் ஒன்னப் பிடுங்கிப் போடல."

உள்ளிருந்து அவள், "அப்ப நான் என்ன செம்பனைக் கன்னா?" என்றாள்.

"ஆமாடி, வாடிப்போன கன்னு. முதல்ல கஞ்சியக் குடி" என்றேன்.

மூவரும் சிரித்தோம். புதுக் கஞ்சி வைத்துவிட்டு நகர்ந்தேன். கதவு திறந்தது, கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தம் எது?

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. வகை தெரிந்து செய்தி வருவதற்குள் பட்டையை வெட்டி எடுத்தாகிவிட்டது; ஊரில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த வகைதானாம். மிஸ்ஸி மாற்றலாகி மெர்கோங் பக்கம் போய்விட்டார். இப்போதும் புதிதாக ஒரு பெயர் செய்தியில் வந்தால் ஆறாவது மகள்தான் முதலில் கூப்பிடுவாள்: "அம்மா, ராஃபியா கட்டியிருக்காங்களாம், அவ்ளோதான்." எங்கோ யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நானும் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

எழுத்து எனக்குக் கன்று வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத்தான் வரும். எழுதி முடித்தாயிற்று. பட்டை இதோ என் உள்ளங்கையில் இருக்கிறது. மூத்தவன் மகள் வாசித்துக் காட்டப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கே, வாசி பார்ப்போம் ஆயி. மெதுவா. கதவு தொறக்கிற எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசி.