மைனஸ் முப்பத்தைந்தில் ஒரு போன்

கனடாவின் உறைகுளிர் நகரமான வினிபெக்கில் இருபத்திரண்டு வருடமாகப் போன் விற்கும் லோர்னா பெட்ரிஷினுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அந்த ஜனவரியில் டொராண்டோ தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சியாளன் ப்ரெண்டன் அதைக் கிளறிவிட்டான்.

"நிலாவுல இருக்கிற பள்ளத்தைக்கூட படம் பிடிக்கும், அவ்வளவு ஜூம்! இதை விக்கத் தெரியலையே உங்களுக்கு?" என்று, விலையுயர்ந்த புதுப் போனின் சிறப்புகளை அச்சடித்த விற்பனைத் தாளை ஆட்டினான், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே.

"இங்க வர்ற விவசாயி, மைனஸ் முப்பத்தஞ்சு டிகிரி குளிர்ல பேட்டரி தாங்குமான்னுதான் கேக்குறான். அதுக்கு உன் தாள்ல பதில் இருக்கா?"

"எல்லாத்துக்கும் குறை சொல்லாதீங்க, லோர்னா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை மூடும் நேரத்தில் ப்ரெண்டனின் வாடகைக் கார் கிளம்பவில்லை. இந்தக் குளிரில் நிறுத்திய காரின் இன்ஜின் ஹீட்டரை மின்சாரத்தில் செருகி இன்ஜினைச் சூடாக வைக்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. உதவிக்கு அழைக்க, கோட்டின் வெளிப்பையில் கிடந்த அந்த விலையுயர்ந்த போனை எடுத்தான். இரண்டு நிமிடத்தில் திரை அணைந்தது. உதடு நீலம் பாரிக்க ஓடிவந்து கடைக் கதவைத் தட்டினான்.

லோர்னா கோட்டுக்குள், ஸ்வெட்டருக்கும் உள்ளே கைவிட்டு, உடம்புச் சூட்டில் வைத்திருந்த பழைய பட்டன் போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. இதுல நிலா தெரியாது. ஆனா கூப்பிட்டா இழுவை வண்டிக்காரன் எடுப்பான். பேசி முடிச்சதும், குளிர்ல போனை உடம்போட ஒட்டி வைக்கணும்னு உன் தாள்ல முதல் வரியா எழுது."