பெருக்கியவருக்கே நாற்காலி

என் அன்பு மகள் கயல்விழி, மகன் செழியன் இருவருக்கும்,

பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வரும் சொந்தபந்தங்கள் எல்லோரும் இந்த மலரைப் படிப்பார்கள். ஆனாலும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, என் ஒரே அண்ணன், செய்யாறு பக்கம் பிறந்தவர். எங்கள் அப்பாவுக்கு ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அப்பா இறந்தபின் அதே வேலையில் சேர்ந்து என்னைக் கரையேற்றியவர் அவர்தான். செங்கொடிச் சங்கத்தில் கடைசிவரை இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் கோவில்பதாகையில் நம் தெருமுனையில் ஓர் அறை பிடித்து, தன் புத்தகங்களையும் இருந்த ஒரே டிவியையும் அங்கே வைத்துப் பொதுப் படிப்பகம் ஆக்கினார்.

சனிக்கிழமை மாலை விண்வெளிக் கப்பல் தொடர் ஓடும். அறையில் ஒரே நாற்காலி. அன்று அறையைப் பெருக்கியவருக்குத்தான் அது, மற்றவர்களுக்குப் பாய்.

"கேப்டன் மட்டும் சொகுசா குந்திகினு கீறான். அம்மாம் பெரிய கப்பலைப் பெருக்குறது யாரு? ஒரு தபா காட்டினானா?" என்று பெரியப்பா கேட்பார். நீங்களெல்லாம் அவர் பக்கம் திரும்பிக் கத்துவீர்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்காத செழியன், அங்கே துடைப்பத்துக்கு அடித்துக்கொள்வான்.

எனக்கு வயிறு எரிந்தது. பெரிய டிவி ஒன்று வாங்கி நம் ஹாலில் மாட்டினேன். ஒரு வாரம் பார்த்தீர்கள். அடுத்த சனிக்கிழமை கயல் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இங்க நல்லா பெருசா தெரியுதே?"

"தெரியுதுப்பா. ஆனா இங்க யார்கூட சண்டை போடுறது?"

உங்களைக் கூட்டிப்போக வந்தால் வாசலிலேயே நிற்பேன். அலமாரி ஓரம் சுவரில் சாய்ந்தபடி அண்ணன் கூப்பிடுவார். "இன்னாடா, உள்ள வா. தொடப்பத்த எடு, நாற்காலி உனுக்குத்தான்."

"நாள் பூரா பட்டறையில இரும்புத்தூள் பெருக்குறவன் நானு. எனக்கு எதுக்கு?"

"அப்ப நீதான்டா மொத கேப்டன்!"

எல்லோரும் சிரித்தீர்கள். நான் உள்ளே போகவில்லை.

அண்ணன் நுரையீரல் நோயில் படுத்தபோது, கட்டில் பக்கத்தில் நான் நிற்க, படிப்பகச் சாவியைக் கயல் கையில் கொடுத்தார். "சனிக்கிழமை தொறந்துடு கண்ணு." ஓராண்டு ஆகியும் அந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த சங்கத் தோழர்கள், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா, முகம் சுளிக்காத செவிலியர்கள், கடைசிப் பயணத்தில் கூடவே நடந்து வந்த படிப்பகப் பிள்ளைகள், எல்லோரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.

காரியம் முடிந்த மறுநாள், நீங்கள் பள்ளிக்குப் போனபின், வீட்டில் கயல் ஆணியில் மாட்டிவைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன். மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினேன். நாற்காலி எனக்கு உரியதுதான். உட்காரவில்லை. அவர் சாய்ந்த சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அலமாரி மறைத்து டிவி பாதிகூடத் தெரியவில்லை. நீங்கள் உட்காரும் பாய் முழுசாகத் தெரிந்தது.

பிறகு பூட்டி, சாவியைக் கொண்டுவந்து கயலின் ஆணியிலேயே மாட்டினேன்.