கேள்விகளுக்கான பார்க்கிங்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘எதுக்கு டீச்சர்’. விடை தப்பென்றாலும் ‘எதுக்கு அப்படிப் போட்டே?’ என்பார், சரியென்றாலும் அதையேதான் கேட்பார். இந்தப் பழக்கம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடவும் இல்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை தன்னை லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், “லிஃப்ட்ல எதுக்குக் கண்ணாடி வெக்கிறாங்க?” என்று கேட்டவர் இவர். “ஆளுங்க நச்சரிக்காம இருக்கத்தான். லிஃப்ட் மெதுவா போனாலும் அவங்கவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிப்பாங்க” என்றார் மாப்பிள்ளை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் ஆம்பளை கிடைப்பது அபூர்வம் என்று டீச்சர் அங்கேயே தலையாட்டிவிட்டார்.

பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கை முதலில் முடித்த பிள்ளை, மற்றவர்கள் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சும்மா உட்கார முடியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும். அப்புறம் வாசலுக்கு வெளியே நிற்கும். எங்கள் எதுக்கு டீச்சர் இப்படி வெளியே நின்றவர்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, பள்ளி விட்டதும் மாடியின் கோடியில் இருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார். ஒடிந்த பெஞ்சுகளும் விளையாட்டு மாஸ்டரின் காற்றுப்போன பந்துகளும் கிடந்த அறை அது. பந்துகளை ஒரு மூலைக்குத் தள்ளியதை விளையாட்டு மாஸ்டர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அந்த அறைக்கு யார் அனுமதி தந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்காததால் யாரும் மறுக்கவும் இல்லை. அங்கே வரும் பிள்ளைகளில் சுண்டெலி என்று ஒரு பெண். ஆளும் அந்த அளவுதான். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருப்பாள். ஒருநாள் அவள் எழுந்து, நேர்கோடு ரெண்டு பக்கமும் முடிவே இல்லாமல் போகும் என்றால் அதற்கு நடு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியலையே என்றார். அந்த வாரம் முழுக்க அறையில் அடிதடி ஒன்றுதான் நடக்கவில்லை. எல்லாப் புள்ளியும் நடுதான் என்று ஒரு கட்சி, நடுவே கிடையாது என்று ஒரு கட்சி. டீச்சர் இரண்டு கட்சிக்கும் மாறி மாறித் தாவி, இரண்டிடமும் திட்டு வாங்கினார். வீட்டுக்குப் போகும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை, சம்பள நாளில்கூட வீட்டுக்காரர் பார்த்ததில்லை.

நல்ல காரியம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தால் மேலிடத்துக்குப் பொறுக்காது. அடுத்த வருடம் எல்லாப் பள்ளிகளிலும் மீத்திறன் மாணவர்களுக்கு, அதாவது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, தனி வகுப்பு தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலைமை ஆசிரியை சந்தோஷப்பட்டார். நமக்குத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, ஒரு போர்டு மாட்டினால் வேலை முடிந்தது என்றார். உத்தரவின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டியபோது அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. மீத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் அதற்கான பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெற்றவராக இருக்க வேண்டும். பள்ளிக்கு இரண்டு பேர் பயிற்சிக்குப் போகலாம். எங்கள் பள்ளியில் எதுக்கு டீச்சரும், அன்றைக்கு வேறு வேலை இல்லாத விளையாட்டு மாஸ்டரும் போவது என்று முடிவானது. தேர்ச்சி பெற்றவருக்கு அறை. சம்பளத்தில் ஒரு காசு கூடப்போவதில்லை. ஆனால் அறை போய்விட்டால் சுண்டெலியும் மற்றவர்களும் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பயிற்சி ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. ஏசி குளிரில் பாதி ஆசிரியர்கள் கைக்குட்டையைக் காதில் சுற்றியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பை, பைக்குள் எழுதாத பேனா. பயிற்சியாளர் கன்னத்தோரம் மைக் ஒட்டிக்கொண்டு, மேடைக்கும் கதவுக்கும் நடந்தபடியே பேசுகிறவர். முதலில் ஒவ்வொருவரும் தான் எந்த விலங்கு என்று சொல்ல வேண்டும் என்றார். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எழுந்து நின்று யானை, சிங்கம், மான் என்றார்கள். விளையாட்டு மாஸ்டர் ஆமை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். பிறகு மீத்திறன் குழந்தையைப் படமாக வரையச் சொன்னார்கள். அத்தனை குழுவும் பூசணிக்காய்த் தலையும் அதன் மேல் ஒரு பல்பும் வரைந்தது. எல்லாப் படத்துக்கும் பலத்த கைதட்டல்.

“இந்த ஹால்ல தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது” என்றார் பயிற்சியாளர்.

டீச்சருக்கு மனம் நிறைந்துபோனது. அந்த வார்த்தையை நம்பிய ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அடுத்து, மீத்திறன் குழந்தையை எப்படி அடையாளம் காண்பது என்ற பாடம் வந்தது. திரையில் ஒவ்வொன்றாக அறிகுறிகள் விழுந்தன. பேசும்போது குறுக்கே பேசும். விதிகளுக்குக் காரணம் கேட்கும். தெரிந்ததையே திரும்பச் சொன்னால் சலித்துக்கொள்ளும். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எதுக்கு டீச்சர் எழுந்தார். இந்தக் குணமெல்லாம் உள்ள பிள்ளையைத்தான் நாம் வழக்கமாக வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறோம். அப்படியென்றால் முதலில் மாற வேண்டியது பிள்ளையா, நாமா, எதற்காகப் பிள்ளையைத் தேடுவதிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று கேட்க வந்தார். கேட்டு முடிக்கவில்லை, பாதிதான் கேட்டார்.

“ரொம்ப நல்ல கேள்வி மேடம். டீ டைம்ல பேசலாம்” என்றார் பயிற்சியாளர். சுவரில் ஒரு பெரிய மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதன் தலைப்பு ‘கேள்விகளுக்கான பார்க்கிங்’. பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்த கேள்விகளைச் சின்னச் சீட்டில் எழுதி அங்கே ஒட்டிவிட வேண்டும். பயிற்சியாளரே தன் கையால் சீட்டு எடுத்து, ‘பிள்ளையா, நாமா’ என்று எழுதி ஒட்டினார். டீச்சர் உட்கார்ந்தார். காது சூடானது. பத்து வயதில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் சூடானது என்று ஞாபகம் வந்தது.

டீ வேளையில் பயிற்சியாளர் கையில் பிஸ்கட்டோடு நேரே இவரிடம் வந்தார். நல்ல மனிதர்தான், சொன்ன சொல் தவறாதவர்.

“சொல்லுங்க மேடம், ஏதோ கேட்டீங்களே?”

“மறந்துபோச்சு சார்” என்றார் டீச்சர்.

மறக்கவெல்லாம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தது. கேட்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஏசிக் காற்றில் பார்க்கிங்கிலிருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கூட்டுகிற அம்மாவின் முறத்தில் இறங்கின.

கடைசி நாள் பரீட்சை. தப்பான பதிலே இல்லாத கூடத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில் கொடுத்து, மூன்று தப்பு என்றார்கள். பாடத்துக்கு நடுவே மாணவர் வேறு எதையோ கேட்டால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. டீச்சர் நான்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, தாளின் பின்புறம் அரைப் பக்கம் எழுதினார். சரியான விடை, ‘பாராட்டிவிட்டு, பிறகு பேசலாம் எனக் கூறுதல்’. விளையாட்டு மாஸ்டர் எல்லாக் கேள்விக்கும் மூன்றாவது பதிலுக்கே டிக் போட்டு அமோகமாகத் தேறினார். அவரைப் பற்றி, ‘ஆழ்ந்து கவனிப்பவர், சக ஆசிரியர்களுக்கு இடையூறு தராதவர்’ என்று குறிப்பு வந்தது. எதுக்கு டீச்சர் தேறவில்லை. பயிற்சியில் குறுக்கே பேசினார், விதிகளுக்குக் காரணம் கேட்டார், சலித்துக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியிருந்தது. எழுதியவருக்கு இந்த வரிகளை வேறு எங்கோ பார்த்த ஞாபகம் வரவில்லை.

அறை விளையாட்டு மாஸ்டர் கைக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. பந்துகளை நடுவே கொண்டுவந்து வைத்தார், பிள்ளைகளைச் சுவரோரம் கண்ணை மூடி உட்கார வைத்து, மனதை ஒருமுகப்படுத்தச் சொன்னார். தானும் ஒருமுகப்படுத்தினார், குறட்டை நடைவரை கேட்டது. சுண்டெலி சன்னல் வழியாக டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பார்க்காததுபோல் படியிறங்கிப் போய், கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு அழுதார்.

தலைமை ஆசிரியைதான் கூப்பிட்டுச் சொன்னார். “அடுத்த பேட்ச் ஒண்ணு இருக்கு டீச்சர். மாஸ்டருக்கும் அந்த ரூம் வேணாமாம், மத்தியானம் வெயிலடிக்குதாம். வாயை மூடிக்கிட்டுப் போய் தேறிட்டு வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்போல நடத்துங்க, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்.”

அப்புறம் உங்கள் இஷ்டம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பயிற்சிக்கே பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். வீட்டில் சோபாவில் லிஃப்ட் மெக்கானிக் மீத்திறன் மாணவராக உட்கார்ந்து, கண்டதையும் கேட்பார். டீச்சர் யோசிக்காமல், முகம் சுருங்காமல், சிரித்துக்கொண்டே அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். முதலில் வாய் வரவில்லை. கேள்வியைக் கேட்டதும் மனசு அதன் பின்னால் ஓடியது. நாளாக ஆக ஓடுவது நின்றது.

“காபி ஏன் ஆறிப்போச்சு?”

“ரொம்ப நல்ல கேள்வி. அப்புறம் பேசலாம்.”

“இது நல்லாருக்கே” என்றார் வீட்டுக்காரர். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுக் கத்துறவங்ககிட்ட நானும் இதையே சொல்லிடறேன்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாம் முறை டீச்சர் தன்னை மான் என்றார். பூசணிக்காய்த் தலை வரைந்து, பல்புக்கு மஞ்சள் அடித்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த பேட்சிலேயே முதலாவதாகத் தேறினார். அதே பயிற்சியாளர் சான்றிதழைக் கையில் கொடுத்து, உங்களிடம் இவ்வளவு மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை என்று நெகிழ்ந்துபோனார். டீச்சர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நாடகம் முடிந்தது, வேஷத்தைக் கழற்றிவிடலாம் என்று பஸ் ஏறினார்.

அறைக்கு வெள்ளையடித்தார்கள். ஒடிந்த பெஞ்சுகள் போய்க் கலர் நாற்காலிகள் வந்தன. வாசலில் போர்டு, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ், அதற்குப் பக்கத்தில் விதிப்படி ஒரு மஞ்சள் தாள். பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறி வந்தார்கள். சுண்டெலி முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். கண்ணாடியில் நூல் மாறியிருந்தது. தலைமை ஆசிரியை சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அந்தப் பக்கமே வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு டீச்சர் பலகையில் ஒரு கணக்கை எழுதத் தொடங்கினார். எத்தனை மாதமாகக் காத்திருந்த சாயங்காலம்.

பாதிக் கணக்கில் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“டீச்சர், அன்னிக்குக் கோட்டுக்கு நடு எங்கன்னு கேட்டேன்ல, அதுல...”

“ரொம்ப நல்ல கேள்வி. அப்புறம் பேசலாம்.”

சொன்னது தன் வாய்தான் என்று டீச்சருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. யோசிக்காமல், முகம் சுருங்காமல், சிரித்துக்கொண்டே வந்திருந்தது. திரும்பிப் பார்த்தபோது சுண்டெலி உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சாக்பீஸை அப்படியே போட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே போய் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“என்னம்மா கேட்டே? இப்பச் சொல்லு.”

சுண்டெலி தலை நிமிரவில்லை.

“மறந்துபோச்சு டீச்சர்.”

அவள் மறக்கவில்லை என்று உலகத்திலேயே டீச்சருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். நீ கேட்டது இதுதானே என்று தானே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். அந்தப் பெண் என்ன கேட்க வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டு முடிப்பதற்குள் பாராட்டிவிட்டிருந்தார்.